பருந்து சாட்சி சொன்னது, நாம் கேட்டோமா?

வலசைப் பறவைகள் பற்றிப் பேச்சு எழுந்தால், நம் இலக்கியக் கூட்டங்களில் தவறாமல் ஒருவர் சத்திமுற்றப் புலவரின் நாரையை நினைவூட்டுவார். குமரியில் நீராடி வடக்கே மீளும் பறவையை அன்றே அறிந்திருந்தான் தமிழன் என்ற பெருமிதம் அரங்கை நிறைக்கும். பெருமை நியாயமானதே. ஆனால் அப்புலவர் அந்த நாரையிடம் ஒப்படைத்தது ஒரு செய்தியை. வறுமையில் வாடும் ஒரு மனிதனின் நிலையை அது சுமந்து சென்று சேர்க்க வேண்டியிருந்தது. பறவைகள் இன்றும் செய்தி சுமந்து வருகின்றன. அவற்றைப் பெற்றுக்கொண்ட பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

ஸ்வைன்சன் பருந்து வட அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் பறவை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பறந்து அர்ஜென்டினாவின் பாம்பா சமவெளியை அடைந்து, அங்கே வெட்டுக்கிளிகளைத் தின்று வாழ்கிறது. கலிபோர்னியாவின் வடபகுதியில் கூடுகளைக் கணக்கெடுத்து வந்த பிரையன் உட்பிரிட்ஜ், சென்ற பறவைகளில் பல திரும்பாததைக் கண்டார். 1994இல் ஓரிரு பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் அலைபரப்பிகளைப் பொருத்தினார்கள். அந்தச் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து 1995இன் தொடக்கத்தில் அர்ஜென்டினாவுக்குப் போனவர்கள் கண்டது வயல்வெளியில் சிதறிக்கிடந்த நூற்றுக்கணக்கான பருந்துப் பிணங்களை. அடுத்த பருவத்தில் எண்ணப்பட்டவை மட்டும் ஏறத்தாழ 5,000. மொத்த இழப்பு 20,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டனர்.

கொன்றது மோனோகுரோட்டோபாஸ். குதிரைமசால், சூரியகாந்தி வயல்களில் வெட்டுக்கிளிக்காகத் தெளிக்கப்பட்ட நஞ்சு. நஞ்சுண்ட வெட்டுக்கிளியைத் தின்றும், தெளிப்பின்போதே நனைந்தும் பருந்துகள் மடிந்தன. உழவனின் பகையைக் காசின்றித் தின்றுகொண்டிருந்த பறவையை, அதே பகையை ஒழிக்கக் காசு கொடுத்து வாங்கிய மருந்து ஒழித்தது. அமெரிக்காவில் அம்மருந்து 1988இலேயே விலக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தன் மண்ணில் வேண்டாம் என்று ஒதுக்கிய நஞ்சு தன் பருந்துகளை வேறொரு கண்டத்தில் கொன்றதை அலைபரப்பி காட்டிக்கொடுத்தது.

அதன் பின் நடந்ததுதான் முக்கியம். உற்பத்தி செய்த சீபா-கெய்கி நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. பருந்துகள் கூடும் பகுதிகளில் அம்மருந்தை விலக்க ஒப்புக்கொண்டது. அர்ஜென்டினா அரசு முதலில் வெட்டுக்கிளிக்கு எதிரான பயன்பாட்டைத் தடுத்தது, 1999இல் முழுமையாக விலக்கியது. உழவர்களுக்கு மாற்று வழிகள் கற்பிக்கப்பட்டன. அடுத்தடுத்த பருவங்களில் பெருஞ்சாவுகள் நின்றன. பிணங்களைக் கண்ட நாளிலிருந்து முழுத்தடைக்கு ஆனது ஐந்தாண்டுக்கும் குறைவு.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். அதே மோனோகுரோட்டோபாஸ் இந்தியாவில் 2005இல் காய்கறிகளுக்கு மட்டும் தடைசெய்யப்பட்டது. மருந்துக்கடை அலமாரியில் இருக்கும் புட்டி, கத்தரிக்காய்க்கும் பருத்திக்கும் தன்னைப் பிரித்துக்கொண்டு போகும் என்று நம்பிய சட்டம் அது. அதை முற்றிலும் விலக்குவது பற்றி யோசிக்குமாறு 2009இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்டு 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது இந்த நஞ்சுதான் எனத் தடயவியல் ஆய்வு சொன்னது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பூச்சிமருந்து தெளித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது பேசப்பட்ட மருந்துகளில் இதுவும் ஒன்று. தற்கொலைகளைத் தடுக்கும் பொருட்டு இதனையும் இன்னும் ஐந்து மருந்துகளையும் தமிழக அரசு 2023 வாக்கில் தடைசெய்தபோது, அத்தடையின் ஆயுள் 60 நாட்கள். மத்திய அரசு இதன் 36 விழுக்காட்டுக் கரைசலுக்கு எதிரான ஆணையைப் பிறப்பித்தது 2023இல், அதுவும் இருப்பைத் தீர்க்க அவகாசம் கொடுத்து.

ஆயிரக்கணக்கான பருந்துகளுக்காக அர்ஜென்டினா ஐந்தாண்டுக்குள் செய்ததை, 23 குழந்தைகளுக்குப் பிறகு நாம் செய்ய முனைவதற்குப் பத்தாண்டு பிடித்தது.

"மனிதன் செத்துக்கொண்டிருக்கும் நாட்டில் பருந்துக்கு என்ன வந்தது?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே நம் விடை. பருந்தும் மனிதனும் ஒரே புட்டியால்தான் செத்தார்கள். உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் இரைகொல்லிப் பறவை, கீழே தெளிக்கப்படும் எதையும் தன் உடலில் வாங்கிக்கொள்கிறது. அதன் சாவு முன்னறிவிப்பு. அதனைப் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று ஒதுக்குவது ஏழை உழவனின் பக்கம் நிற்பதாகாது. அவன் முதுகில் தெளிப்பானை மாட்டிவிட்டு விலகிக்கொள்வதே ஆகும்.

நமக்குப் பறவையின் செய்தியைக் கேட்கத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. சைபீரியாவிலிருந்து தென் ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் அமூர் வல்லூறுகள் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தருகே தங்குகின்றன. 2012இல் ஒரே பருவத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவை வலைகளில் பிடித்துக் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அடுத்த ஆண்டே பாங்தி முதலான கிராமங்களின் மக்கள் வலைகளை மடித்து வைத்தார்கள். 2013 நவம்பரில் மூன்று வல்லூறுகளுக்கு ஐந்து கிராம் எடையுள்ள அலைபரப்பிகள் பொருத்தி நாகா, பாங்தி, வோக்கா எனப் பெயரிட்டார்கள். ஓராண்டில் மனம் மாறியவர்கள் பள்ளத்தாக்கின் எளிய மக்கள். வேட்டையில் கிடைத்த வருமானத்தை விட்டுக்கொடுத்தவர்களும் அவர்களே. நகரத்து அலுவலகங்களுக்கு அத்தகைய இழப்பு ஏதுமில்லை, ஆயினும் அங்குதான் கோப்புகள் உறங்கின.

நம் செய்தித்தாள்களோ ஒவ்வோர் ஆண்டும் வல்லூறு எத்தனை நாளில் எத்தனை கிலோமீட்டர் பறந்தது என்று ஓட்டப்பந்தயம் போல எழுதுகின்றன. 2018இல் மணிப்பூரில் அலைபரப்பி பொருத்தப்பட்ட இரண்டில் 'மணிப்பூர்' என்ற பறவை சில நாட்களிலேயே கொல்லப்பட்டுக் கிடந்தது. சமிக்ஞை நகராமல் நின்ற இடத்தைத் தேடிப் போனதால் அது தெரிந்தது. பறந்த தொலைவு வியப்புக்கு உரியதுதான், ஆனால் சமிக்ஞை நின்ற இடமே விசாரணைக்கு உரியது. அங்கே இருப்பது துப்பாக்கியா, மின்கம்பியா, காற்றாலையா, நஞ்சா என்று கேட்காத கண்காணிப்பு வெறும் வேடிக்கை.

ஆகவே நாம் கோருவது மூன்று. அலைபரப்பி பொருத்தும் ஒவ்வோர் ஆய்வும் இறந்த பறவைகளின் கணக்கையும் காரணத்தையும் மக்கள் மொழியில் வெளியிட வேண்டும். விலக்கப்பட்ட நஞ்சு கடைகளிலிருந்து உண்மையிலேயே போய்விட்டதா, அதன் இடத்தில் வந்திருப்பது எது என்று வேளாண்துறை சோதித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது நம்மைப் போன்ற வாசகர்களுக்கு: அடுத்த முறை கூட்டத்தில் சத்திமுற்றப் புலவரின் நாரை பறக்கும்போது, கைதட்டி முடித்தபின் இந்த இரண்டு கேள்விகளையும் எழுந்து கேட்க வேண்டும்.