பிள்ளை ஐசியுவில், அம்மா எங்கே?



நம் கோட்டுகால் பஞ்சாயத்திலிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஒன்றும் தூரதேசம் இல்லை. பலராமபுரம் வந்து பஸ் பிடித்தால், டாக்டரைப் பார்த்துவிட்டு சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் பிள்ளை ஐசியுவில் கிடந்தால் அதே தூரம் மலையாகிவிடும். டாக்டர் எப்போது கூப்பிட்டு நிலைமை சொல்வார் என்று தெரியாது. வீட்டுக்குப் போய்வர மனசு வராது. அங்கேயே இருக்கவோ இடம் கிடைக்காது.

நாலைந்து நாள் என்றால் எந்தக் குடும்பமும் எப்படியாவது சமாளித்துவிடும். அது வாரக்கணக்காகி, மாதக்கணக்கானால்?

நம்மில் பலருக்கு ஐசியு என்றால் ஆபரேஷன் முடிந்து ரெண்டு நாள் வைத்திருக்கும் இடம். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஒரு கிலோகூட இல்லாத குழந்தைக்கு அதுதான் முதல் வீடு. பிறவியிலேயே இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகள், மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைகள், ரோட்டில் அடிபட்ட பிள்ளைகள் என்று நீண்ட நாள் அங்கே கிடப்பவர்கள் பல விதம்.

ஒரு நோயை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கில்லன் பாரே என்று பெயர். சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன ஒன்றிரண்டு வாரத்தில், ஓடி விளையாடிய பிள்ளைக்குக் கால் சோர்ந்துபோகும். கிருமியோடு சண்டைபோட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வழி தவறி உடம்பின் நரம்புகளையே தாக்குவதால் வரும் வினை. தளர்ச்சி காலிலிருந்து மேலே ஏறி மூச்சுத் தசைகளைப் பிடித்துவிட்டால் வென்டிலேட்டர்தான். நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் எழுந்து நடந்துவிடுகிறார்கள். ஆனால் நரம்பு தேறிவர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

அதுவரை அந்தப் பிள்ளைக்கு நினைவு தெளிவாக இருக்கும், எல்லாம் காதில் விழும். தொண்டையில் ட்யூப் இருப்பதால் குரல் வராது. கையைத் தூக்க முடியாது. முதுகு அரித்தால் யாரிடம் சொல்வது? கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், ரெண்டு தடவை மூடினால் இல்லை. இந்தப் பாஷையில்தான் பேச்சு நடக்கும். "முதுகா? காலா? லைட் கண்ணுல அடிக்கா? தலையணையக் கொஞ்சம் தூக்கணுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். எத்தனையாவது கேள்வியில் சரியான கண்சிமிட்டல் வரும் என்று தெரியாது.

பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது நர்ஸ் இதற்கெல்லாம் நிற்க முடியுமா? அவரைக் குறைசொல்லவே மாட்டேன், இருக்கிற வேலைக்கே அவருக்கு ரெண்டு கை போதாது. அந்தக் கேள்விகளைக் கேட்கப் பொறுமையும் நேரமும் உள்ள ஒருத்தி கதவுக்கு வெளியே நிற்கிறாள். அவளை ஏன் நாம் வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

ஐசியு என்ற ஏற்பாடு பிறந்த கதை இங்கே பொருந்தும். 1952 ஆகஸ்டில், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ தலைவிரித்தாடியது. மூச்சுவிட முடியாமல் சாகக் கிடந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு, பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து டாக்டர் தொண்டையில் துளையிடச் செய்து, ட்யூப் வைத்து, காற்றுப் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். அத்தனை நோயாளிகளுக்கும் மெஷினுக்கு எங்கே போவது? சுமார் 1,500 மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, ராப்பகலாக, மாதக்கணக்கில் அந்தப் பையை அழுத்தினார்கள். இந்த அனுபவத்திலிருந்துதான் இன்றைய ஐசியு வந்தது. அன்று ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டிலும் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். பிறகு மெஷின் வந்தது. மெஷின் வந்தது ரொம்ப நல்லது, ஆனால் தலைமாட்டில் இருந்த ஆள் எழுந்து போய்விட்டார்.

அதே 1952-இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். ரெண்டு வயதுப் பெண்குழந்தை ஆஸ்பத்திரியில் அப்பா அம்மா இல்லாமல் எப்படி இருக்கிறது என்பதுதான் படம். அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது, அதனால் வராமலிருப்பதே நல்லது என்று அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகள் நினைத்தன. அழாமல் படுத்திருக்கும் குழந்தை தேறிவிட்டதாக அர்த்தம் இல்லை, நம்பிக்கை இழந்து அடங்கிப்போயிருக்கிறது என்று அந்தப் படம் காட்டியது. 1959-இல் அங்கே அரசு நியமித்த பிளாட் குழு, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்க அனுமதிக்கச் சொன்னது.

"கிருமி உள்ளே வந்துவிடுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். செருப்போடு, கை கழுவாமல், சொந்தக்காரர் பத்துப் பேர் நுழைந்தால் கிருமி வரத்தான் செய்யும். கை கழுவப் பழக்கப்பட்ட, மாற்று உடை போட்ட ஒரு அம்மாவின் விஷயம் வேறு. டெல்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து உள்ளே விட்டுப் பார்த்தார்கள். தொற்று கூடவில்லை, தாய்ப்பால் குடிப்பது கூடியது. 2017-இல் மத்திய சுகாதார அமைச்சகமே, பச்சிளம் குழந்தைகள் பிரிவில் குடும்பத்தாரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வழிகாட்டி வெளியிட்டது.

இன்னும் பெரிய சான்றும் உண்டு. டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளின் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் பங்கெடுத்தன. 1.8 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளைப் பிறந்த உடனேயே அம்மாவின் நெஞ்சில் கங்காரு முறையில் சேர்த்து வைத்தார்கள். அம்மாவுக்கும் குழந்தையோடு ஐசியுவுக்குள்ளேயே கட்டில். வழக்கமான முறையோடு ஒப்பிட்டால் முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. முடிவு 2021-இல் வெளியானது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஒரு புது மருந்து இந்தப் பலனைக் கொடுத்திருந்தால், எந்த விலை சொன்னாலும் வாங்கியிருக்க மாட்டோமா?

ஆக, உள்ளே இருக்கும் அம்மாவை விசிட்டர் கணக்கில் சேர்க்கக் கூடாது. சிகிச்சையில் அவளுக்கும் பங்கு இருக்கிறது.

சரி, ஆஸ்பத்திரி கதவைத் திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவளால் அங்கே இருக்க முடியுமா? அடிமலைத்துறை மீனவர் வீட்டில் கடலுக்குப் போகாத நாளுக்குப் பங்கு கிடையாது. தறியை விட்டு எழுந்தால் நெசவாளிக்கு அன்றைய கூலி இல்லை. மூத்தவனுக்குப் பரீட்சை, வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். அவளுடைய அம்மா வீடோ களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில்.

கேரளத்தில் காருண்யா திட்டமும் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சைக்குக் கொடுக்கின்றன. பிறவி இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு 2017 முதல் கேரளத்தில் 'ஹிருதயம்' திட்டம் இருக்கிறது. இந்தத் திட்டங்களில் சேர, கல்யாணமாகி எல்லை தாண்டி வந்தவர்களும் போனவர்களும் ரேஷன் கார்டில் பெயர் எங்கே இருக்கிறது, பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி கவுண்டரில் நின்றுகொண்டு தேட வேண்டிய காரியம் அல்ல அது. ஆனால் பஸ் காசு, டீக்காசு, போன கூலி இதெல்லாம் எந்தக் கார்டிலும் வராது.

அங்கேதான் நாம் வருகிறோம். "நீ போயி பிள்ளைக்க கூட இரி மக்களே, இளையவன நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்ல ஒரு பக்கத்து வீட்டு மாமி இருந்தால் போதும், ஒரு அம்மாவுக்கு ஐசியுக் கதவு பாதி திறந்த மாதிரி. பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கும்பலாகப் போய் வாசலில் நின்று "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். அவளிடம் தினமும் பதினைந்து பேர் போனில் விசாரிப்பார்கள். ஒருவர் மட்டும் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னால் என்ன? ரத்தம் கொடுக்கத் தகுதியுள்ள இளைஞர்கள் இருக்கிற வீட்டார் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

முடியுமா என்று சந்தேகப்பட வேண்டாம். 2017 ஜனவரியிலிருந்து திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் டிஒய்எஃப்ஐ என்ற கட்சி இளைஞர் அமைப்பினர் நோயாளிகளுக்கும் துணைக்கு நிற்பவர்களுக்கும் மதியம் பொதிச்சோறு கொடுக்கிறார்கள். வீடுவீடாகச் சேகரித்த சோறு. யாருக்குப் போகிறது என்று தெரியாமலே வீட்டார் வாழையிலையில் கட்டிக் கொடுக்கிறார்கள். உங்கள் கட்சி எதுவானாலும் இது நல்ல காரியம் என்பதில் ரெண்டு பேச்சு இருக்க முடியாது. முகம் தெரியாதவருக்கே சோறு கட்டும் நாட்டில், நாலு வீடு தள்ளி இருக்கும் பிள்ளையின் அண்ணனுக்கு ஒரு மாதம் சாப்பாடு போடுவது பெரிய விஷயமா?

அந்த மெடிக்கல் காலேஜ் வளாகத்திலேயே இருக்கும் எஸ்ஏடி ஆஸ்பத்திரி, ஆறு வயதில் இருதய நோயால் இறந்துபோன அவிட்டம் திருநாள் என்ற திருவிதாங்கூர் இளவரசன் பெயரில் கட்டப்பட்டது. அரண்மனையே இருந்தும் 1944-இல் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. இன்று நம் பஞ்சாயத்துப் பிள்ளைக்கு வைத்தியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அம்மாவும் பக்கத்தில் இருக்க நாம் உதவ வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆனவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நீண்ட நாள் ஐசியுவில் இருந்த பிள்ளை தூக்கத்தில் அலறலாம், படியேறத் திணறலாம், முன்னே படித்தது மறந்திருக்கலாம். அம்மாவுக்கு மைக்ரோவேவ் 'பீப்' என்றாலே நெஞ்சு பதறும். பிசியோதெரப்பிக்கு விடாமல் போக வேண்டும். டீச்சர்களிடம் ஒரு வேண்டுகோள்: கொஞ்ச காலம் அரைநாள் பள்ளிக்கு வந்தால் போதும் என்று விடுங்கள்.

உங்கள் பிள்ளை ஐசியுவில் இருந்தபோது உங்களை எவ்வளவு நேரம் உள்ளே விட்டார்கள்? வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்? எழுதுங்கள். நல்லபடியாக நடந்தது என்றால் ஆஸ்பத்திரியின் பெயரோடு எழுதுங்கள், மற்ற ஆஸ்பத்திரிகளிடம் காட்டிக் கேட்க நமக்கு அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்