லாக்கப்பில் மூச்சைக் கவனிப்பது யார்?



காவலில் ஒருவர் இறந்தால் அரசுத் தரப்பில் உடனே கேட்கும் சொல் 'சிசிடிவி'. 2020 ஜூனில் தந்தை, மகன் இருவரின் காவல் மரணத்தில் சிக்கிய சாத்தான்குளம் காவல் நிலையத்திலும் கேமரா இருந்தது, பதிவைச் சேமிக்க இடமும் இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவு தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், லாக்கப் உட்பட நிலையம் முழுவதும் ஒலியோடு, இருட்டிலும் பதியும் கேமரா வைக்கவும், பதிவை 18 மாதம் காக்கவும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேமராக்கள் ஓடாத விவகாரத்தை 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாகவே மீண்டும் கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

எல்லாக் கேமராவும் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். குடியைத் திடீரென நிறுத்தியதில் வலிப்பு வரக்கூடியவர், இதய நோயாளி, சர்க்கரைக்காரர் என யாரும் லாக்கப்புக்கு வரலாம். நள்ளிரவில் போர்த்திப் படுத்திருப்பவர் தூங்குகிறாரா, மூச்சே நின்றுவிட்டதா என்பது திரையில் தெரியாது. மறுநாள் விசாரணைக்கு வேண்டுமானால் அந்தப் பதிவு உதவும்.

உடம்பைத் தொடாமலே மூச்சையும் நாடியையும் கவனிக்கும் கருவிகள் வந்துவிட்டன. பிரிட்டனின் மனநல மருத்துவமனைகளில் உள்ள 'ஆக்ஸிவிஷன்' அகச்சிவப்புக் கேமராவால் வேலை செய்கிறது. சம்மதமில்லாமல் படம் பிடிக்கிறார்கள் என்று அங்கே எதிர்ப்பு இயக்கமே நடக்கிறது. பெங்களூரு நிறுவனத்தின் 'டோசி' மெத்தைக்கு அடியில் விரிப்பது. மருத்துவமனைக்குச் சரி, லாக்கப்பில் மெத்தைக்கு எங்கே போவது? மூன்றாவது ரேடார். கூரையில் பொருத்தினால் நெஞ்சு ஏறி இறங்குவதை ரேடியோ அலையாலேயே அறிந்துவிடும், படம் எடுக்காது. கைதிக்கும் மானம் உண்டு என்பதால் என் ஓட்டு இதற்கே. ஒரே அறையில் பலரை அடைத்தால் யார் மூச்சு எது என்று அதுவும் தடுமாறும். ஆகவே, உடல்நிலை சரியில்லாதவரை வைக்கும் தனி அறைக்கு ரேடார், பூந்தமல்லி கிளைச்சிறை போன்ற இடங்களின் பொது அறைகளுக்கு இரவிலும் ஒரு செவிலியர் என்று இரண்டும் வேண்டும். செவிலியருக்குப் பதில் கருவி என்று யாராவது கணக்குப் போட்டால் அதையும் எதிர்க்க வேண்டியதுதான்.

ரேடாரின் எச்சரிக்கை மணி பாரா காவலரின் மேசையில் மட்டும் ஒலித்தால் போதாது. அதே நொடியில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கும் தகவல் போக வேண்டும். ரேடார் பதிவை அழிக்கும் சாவி காவல்துறையிடம் இருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரி முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. கேமராக்களை மேற்பார்வையிட மாவட்டந்தோறும் ஒரு குழு, அதில் நகர மேயர் ஒருவரும் இருக்கலாம் என்று 2020 தீர்ப்பு சொல்கிறது. ஆவடி அடங்கிய திருவள்ளூர் மாவட்டக் குழு எப்போது கூடியது, எந்த நிலையத்தில் எத்தனை கேமரா ஓடுகிறது என்ற பட்டியலை ஆவடி மாநகராட்சி தன் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருமுல்லைவாயல்.