மாத்திரையா, ஆபரேஷனா? கேள்வியே தவறு!



சிட்லபாக்கத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தேன். ஒரு சகோதரர் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. வீட்டுல நாள் தள்ளிப் போயிருக்கு. கைக்குழந்தை வேற. ஆபரேஷன் பண்ணாத்தானே பாவம், மாத்திரை போட்டா பரவாயில்லதானே? மெடிக்கல்ல குடுக்கிறாங்க" என்றார்.

மார்க்கத்தையும் தவறாக விளங்கி, மருத்துவத்தையும் தவறாக விளங்கிய கேள்வி இது. நம்மில் எத்தனையோ குடும்பங்கள் இந்தக் குழப்பத்தில்தான் இருக்கின்றன.

முதலில் மார்க்கம். வாயால் விழுங்கினாலும் கருவியால் எடுத்தாலும் செயல் ஒன்றே. மார்க்கம் பார்ப்பது காரணத்தையும் கருவின் நாட்களையும்தான். வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்வதைத் திருக்குர்ஆன் (17:31) தடுக்கிறது. 120 நாட்களில் உயிர் ஊதப்படுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் நூல்களில் அறிவிக்கிறது. அதன் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றி அனுமதியில்லை. அதற்கு முன்பும் தக்க காரணம் வேண்டும். எது தக்க காரணம் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1990-ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, கருவுக்குக் கடுமையான ஊனம் இருப்பதை மருத்துவர் குழு உறுதி செய்தால், பெற்றோர் விரும்பினால், 120 நாட்களுக்குள் அனுமதி உண்டு என்றது. ஒன்றைக் கவனியுங்கள்! டாக்டர் வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார். அவருடைய கணக்கில் 120 நாட்கள் என்பது சுமார் 19 வாரம்.

இனி மருத்துவம். மிஃபெப்ரிஸ்டோன் கருவைத் தாங்கும் ஹார்மோனைத் தடுக்கிறது. ஓரிரு நாள் கழித்துத் தரும் மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றுகிறது. நம் நாட்டுச் சட்ட விதிப்படி இது 9 வாரம் வரைதான். அதுவும் தகுதி பெற்ற டாக்டர் எழுதித் தந்தால்தான். வலியும் உதிரப்போக்கும் வீட்டிலேயே நடக்கும். நூற்றில் சிலருக்குக் கரு முழுவதும் வெளியேறாது. கடைசியில் கருவிதான் வைக்க வேண்டிவரும். உறிஞ்சி எடுக்கும் முறை மருத்துவமனையில் சில நிமிடங்களில் முடியும். முடிந்ததா என்பதும் அங்கேயே தெரியும். டி அண்டு சி எனப்படும் பழைய சுரண்டும் முறையைக் கைவிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறு. கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது. உதிரம் பட்டதும் கலைந்துவிட்டது என்று நினைப்பாள். உள்ளே குழாய் வெடிக்கும். பரிசோதிக்காமல் கடையில் வாங்கிய மாத்திரை ஒரு தாயின் ஜனாஸாவில் முடியலாம். இரண்டு மணி நேரம் தொடர்ந்து மணிக்கு இரண்டு நாப்கின் நனைந்தாலோ, காய்ச்சல், மயக்கம், கடும் வயிற்றுவலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்!

1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021-ன் திருத்தமும் அனுமதிப்பதெல்லாம் ஹலாலாகிவிடாது. ஆனால் பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்று அதே சட்டம் டாக்டரைக் கட்டுப்படுத்துகிறது. அரசு மருத்துவமனையில் கட்டணமும் இல்லை. குரோம்பேட்டை பெரிய ஆஸ்பத்திரி நமக்கு எட்டிய தூரம்தான். பிறகு ஏன் மெடிக்கல் ஷாப்பின் பின்வாசல்?

குற்றம் நம் மீதும் இருக்கிறது. மிம்பரில் 'ஹராம்' என்று முழங்குகிறோம். கலங்கி நிற்கும் பெண் யாரிடம் போய்க் கேட்பாள் என்று யோசித்தோமா? பர்தாவிலிருந்த பெண்கள் ஆண் டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டார்கள் என்பதற்காகவே 1885-ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி உருவானது. அந்தக் காலத்திலேயே அந்த அக்கறை இருந்தது. இன்று ஒவ்வொரு ஜமாஅத்தும் ஓர் ஆலிமையும் ஒரு பெண் டாக்டரையும் அடையாளம் காட்டக் கூடாதா? பிள்ளைகளுக்கு இடைவெளி விட ஆகுமான வழிகள் உண்டு. ஸஹாபாக்கள் அஸ்ல் செய்திருக்கிறார்கள். அதைத் திருமணத்தின்போதே சொல்லித் தரக் கூடாதா?

அந்தச் சகோதரரிடம் சொன்னேன்: "மாத்திரையை வாங்காதீங்க. நாளைக்கே மனைவியை டாக்டரிடம் கூட்டிப் போங்க; கூடவே நீங்களும் உட்காருங்க. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, மஸ்அலாவை அப்புறம் பேசலாம்."

நம் பெண்களின் உயிரும் நம்மிடம் ஓர் அமானிதம். அதைப் பேண வல்ல அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக!