தேனீப் புழுவும் மூன்று நாள் ஊட்டமும்

மன்னார்புரத்திலிருந்து மலைக்கோட்டையை நோக்கிச் சென்றால், தெப்பக்குளத்தருகே புனித வளனார் கல்லூரியைக் காணலாம். அக்கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைக் குரு நியூட்டன் அடிகளார், 1911 முதல் 1917 வரை தென்னகத்துக் கிராம மக்கள் பலருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். நம் நாட்டுச் சிறிய தேனீக்கு ஏற்றவாறு அவர் அமைத்த பெட்டி இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்றே வழங்குகிறது. அடையைப் பிழிந்து அழிக்காமல், சட்டம் சட்டமாக வெளியே எடுத்துப் பார்க்க அது வழி செய்தது. அவ்வாறு பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது எது என்பதை இம்மாதம் அறிவோம்.

ஒரு கூட்டில் இராணி ஒன்று. பணித் தேனீக்களோ பல ஆயிரம். இராணி ஈராண்டு, மூவாண்டுகூட வாழ வல்லது. ஓயாது உழைக்கும் பணித் தேனீயின் வாழ்நாள் ஏறத்தாழ 6 வாரமே. இவ்வளவு வேறுபாடு இருப்பதால், இரண்டும் வெவ்வேறு முட்டைகளிலிருந்து தோன்றுவன என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. கருவுற்ற முட்டை எதுவும் இராணியாகலாம். பணித் தேனீயும் ஆகலாம். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீ பிறக்கும்.

முட்டை 3 நாளில் பொரிந்து புழுவாகிறது. இளம் பணித் தேனீக்கள் தம் தலையிலுள்ள சுரப்பிகளில் ஊறும் வெண்ணிறக் கூழை அதற்கு ஊட்டுகின்றன. முதல் 3 நாட்கள் எல்லாப் புழுக்களுக்கும் ஏறத்தாழ ஒரே வகை ஊட்டமே. பின்னர் பணித் தேனீயாக வேண்டிய புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு அளவாகக் கிடைக்கிறது. இராணியாக வேண்டியதோ அகன்ற தனி அறையில், அரசக்கூழிலேயே மிதந்து வளர்கிறது. ஏறத்தாழ 16 நாளில் இராணி வெளிவரும். பணித் தேனீக்கு ஏறத்தாழ 20 நாள் ஆகும்.

உணவு எவ்வாறு உடலையே மாற்றுகிறது? மரபணுக்களின்மேல் வேதிக்குறியிட்டு அவற்றின் செயலை மாற்றும் நொதி ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அறிஞர்கள் இளம்புழுக்களில் அந்நொதி உருவாவதைத் தடுத்தனர். அப்புழுக்களுள் பெரும்பாலானவை சினைப்பை முதிர்ந்த இராணிகளாகவே வளர்ந்தன. அரசக்கூழின் ஆற்றல் முழுவதும் இவ்வொன்றில் அடங்கிவிடாது; எனினும் ஊட்டம் மரபணுவரை எட்டுகிறது என்பது தெளிவாயிற்று.

இது ஏட்டறிவு மட்டுமன்று. இராணி திடீரென இறந்தால், பணித் தேனீக்கள் இளம்புழுக்கள் சிலவற்றைத் தேர்ந்து, அறையை நீட்டிக் கட்டி, அரசக்கூழ் ஊட்டிப் புதிய இராணியை வளர்த்துக்கொள்ளும். முதிர்ந்த புழு இதற்கு உதவாது. ஆகவே ஒரு பெட்டியை இரண்டாகப் பிரிப்போர், இராணியில்லாத பாதியில் முட்டைகளும் 3 நாளுக்கு மேற்படாத புழுக்களும் உள்ள சட்டம் இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஆண் தேனீக்களும் பூக்களும் மிகுந்த பருவமே பிரிப்பதற்கு ஏற்றது.

இதனைக் கவனியாது விட்டால், பணித் தேனீக்கள் சில தாமே முட்டையிடத் தொடங்கும். அவை கருவுறாத முட்டைகளாதலால் ஆண் தேனீக்களே பெருகும். தேன் கொணரவும் புழுக்களைப் பேணவும் எவருமின்றிச் சில வாரங்களில் கூடு வெறுமையாகும். பெட்டியை மூடுமுன் ஒரு சட்டத்தை வெயிலுக்கு நேரே பிடித்து, அறைகளின் அடியில் வெண்ணிறப் பிறைபோல் சுருண்டு கிடக்கும் சிறு புழுக்களைத் தேடிப் பாருங்கள். கூட்டின் நாளைய வாழ்வு அவற்றிடமே உள்ளது.