கருத்துக்களமும் கைப்பேசித் திரையும்

கூடியிருந்து உரையாடுவது தமிழருக்குப் புதிய வழக்கமன்று. திண்ணையிலும் வாசிகசாலையிலும் பேசிப் பழகிய நம்மவர், கடல் கடந்து பல நாடுகளிற் குடியேறிய பின்னர் அந்தப் பேச்சுக்கு ஓர் இடம் தேடினர். 1990களில் இணையம் அவ்விடத்தை அளித்தது. அன்று தோன்றிய கருத்துக்களங்களும் மின்னஞ்சற் குழுக்களும் இன்று பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. அவற்றின் இடத்தை முகநூலும் வாட்ஸ்அப்பும் பிடித்துள்ளன. இம்மாற்றத்தால் நாம் பெற்றது எது, இழந்தது எது என்பதைப் பெற்றோரும் மாணவரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

கருத்துக்களத்தில் ஒருவர் ஒரு பொருளைப் பற்றி எழுதித் தொடங்குவார். ஏனையோரின் மறுமொழிகள் அதன்கீழ் வரிசையாகச் சேரும். இத்தொடரை 'இழை' என்றனர். புதிய மறுமொழி வந்தால், பல மாதங்களுக்கு முந்திய இழையும் மீண்டும் பட்டியலின் தலைக்கு வரும். உரையாடல் நெறி தவறாது காக்கும் தொண்டருக்கு 'மட்டுறுத்துநர்' என்று பெயர்.

அக்காலத்திலே கணினியில் தமிழ் எழுதுவது எளிதன்று. அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரின் கணினியிலும் இல்லையெனில், தமிழ் மடல் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். இக்குறையைத் தீர்க்கப் பல நாடுகளிலிருந்த ஆர்வலர் மின்னஞ்சல் வழியே நெடுநாள் விவாதித்து, 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும் இத்தகைய கூட்டுறவின் பயனே. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தொண்டர்கள் தமிழ் நூல்களைத் தட்டெழுதிப் பிழை திருத்தி, உலகுக்கு இலவசமாக வழங்கினர்.

இப்பணிகளுக்குத் துணை நின்றது பொறுமையே. முந்திய மறுமொழிகளைப் படித்த பின்னரே எழுத வேண்டும், எடுத்த பொருளை விட்டு விலகலாகாது என்பன அங்கே எழுதப்படாத சட்டங்கள். இன்றைய தளங்களின் இயல்பு வேறு. எது முதலில் நம் கண்ணிற் பட வேண்டும் என்பதைக் கணினி நிரலே தீர்மானிக்கின்றது. எவ்வளவு பேர் பார்த்தனர், எவ்வளவு பேர் விருப்பக்குறி இட்டனர் என்பதே அதற்கு அளவுகோல். 2009இல் முகநூலில் விருப்பக்குறி வந்த பின்னர், ஒரு பத்தி எழுத வேண்டிய இடத்தில் விரல் தொடுகை போதுமென்றாயிற்று.

ஆயினும், பழையன யாவும் பொன்னென்று கூறுதல் நேர்மையன்று. புனைபெயருக்குள் மறைந்து வசைபாடியோர் அன்றும் இருந்தனர். கணினி வாங்கவும் தொலைபேசிக் கட்டணம் செலுத்தவும் வசதி படைத்தோரே உள்ளே நுழைய முடிந்தது. இன்றோ ஊரிலிருக்கும் அம்மம்மா, பேரப்பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியிலே நாள்தோறும் காண்கின்றார். இப்பேற்றை எவரும் இழக்க விரும்பார்.

நம் கவலை நினைவைப் பற்றியது. வாட்ஸ்அப்பில் நேற்று எழுதிய நல்ல கருத்து, இன்று வந்த காலை வணக்கப் படங்களின் கீழ்ப் புதைந்துபோகின்றது. தேடினாலும் எளிதிற் கிடைப்பதில்லை. பழைய மடல்களும் தப்பிவிடவில்லை. தமிழ்க் குழுக்கள் பலவற்றுக்கு இடமளித்த யாகூ குழுமங்கள், 2019இல் பழைய மடல்களை நீக்கப்போவதாக அறிவித்து, 2020 டிசம்பர் 15ஆம் நாள் முற்றாக மூடப்பட்டன. எவரேனும் படியெடுத்து வைத்தவை தவிர ஏனையவை அழிந்தன. பிறர் வீட்டுத் திண்ணையில் எழுதிவைத்த ஏடு, வீட்டுக்காரர் கதவடைத்தால் நமக்கு உரியதாகாது.

மற்றொரு முரணும் உண்டு. எழுத்துருவுக்கு அல்லற்பட்ட அந்நாளில், தமிழைத் தமிழெழுத்தில் எழுதுவதற்காகவே அறிஞர் உழைத்தனர். எந்தக் கைப்பேசியிலும் தமிழ் எழுத இயலும் இந்நாளில், நம் பிள்ளைகள் பலர் 'அம்மா' என்பதையும் ஆங்கில எழுத்திலேயே எழுதுகின்றனர். இது கருவியின் குற்றமன்று. நம் பழக்கத்தின் குற்றம்.

பழைய கருத்துக்களங்களை மீட்டெடுத்தல் இயலாது. அவற்றின் பண்பை மீட்கலாம். நம் தமிழ்ப் பாடசாலையின் உயர் வகுப்புகளில் மாதந்தோறும் ஒரு வினாவை முன்வைப்போம். மாணவரும் பெற்றோரும் தமிழெழுத்தில், முழு வாக்கியங்களில், முன்னவர் எழுதியதைப் படித்த பின்னர், ஒரு வார காலத்துக்குள் விடை எழுதட்டும். ஓர் ஆசிரியர் மட்டுறுத்துநராக இருக்கட்டும். ஆண்டு முடிவில் சிறந்தவற்றைத் தொகுத்து விழா மலரிலே அச்சிடுவோம். ஒரு படியைப் பாடசாலை நூலகத்திலும் வைப்போம்.

மாணவச் செல்வங்களே! விரைந்து விடையளிப்பது அறிவின் அடையாளமன்று. பிறர் கூற்றை முழுதும் கேட்டு, ஆராய்ந்து, நம் மொழியில் தெளிவுற எழுதுவதே சான்றாண்மை. அடுத்த மலரில் உங்கள் கருத்துகளைப் படிக்க ஆவலுடன் காத்திருக்கின்றோம்.