நிற்கத் தெரிந்த வண்டி

வேகத்தின்மேல் இளமைக்கு உள்ள வேட்கை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ரேக்ளாப் பந்தயம் காண்பதற்காகக் கட்டுச்சோற்றுடன் அயலூர் சென்ற நம் முன்னோர் அதனை நன்கறிவர். காளை இருந்த இடத்தில் இன்று மோட்டார் எஞ்சின் இருக்கிறது. வேட்கை மட்டும் மாறவில்லை. ஆதலால், ஜப்பானில் பணிபுரியச் சென்ற மகன், "பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன்; அடுத்த மாதம் பந்தயத் தளத்தில் ஓட்டப் போகிறேன்" என்று தொலைபேசியில் தெரிவித்தால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், இங்கே டில்லியிலோ மும்பையிலோ இருக்கும் தாய்க்கு அன்றிரவு உறக்கம் வாராது. தந்தையோ, "போகவேண்டாம்" என்று ஒரே சொல்லில் தடுத்துவிட முனைவார். தடுப்பதைக் காட்டிலும் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. அதனை இவ்விதழில் ஆராய்வோம்.

முதலில், இந்த ஓட்டம் யாது என்பதைத் தெரிந்துகொள்வது நலம். ஜப்பானியர் இதனைச் 'சோகோகாய்' என்பர். 'ஓட்டக் கூட்டம்' என்று பொருள் கொள்ளலாம். இது பந்தயமன்று; பரிசுக்காக ஒருவரையொருவர் முந்துவதும் இதன் நோக்கமன்று. தொழில்முறை ஓட்டுநர் அல்லாதவர்கள் கட்டணம் செலுத்தி, தத்தம் வண்டியைக் கொண்டு வந்து, திறமைக்கேற்பக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 15 அல்லது 20 நிமிடங்கள் ஓட்டிப் பழகுகிறார்கள். டோக்கியோவுக்கு வடக்கே இபராக்கி மாநிலத்தில் 1970-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சுக்குபா தளம் இத்தகைய ஓட்டங்களுக்குப் பெயர் பெற்றது. அதன் ஒரு சுற்று 2,045 மீட்டரே. நேர்வழி குறைவு, வளைவுகள் நெருக்கம். எனவே அங்கே ஓட்டுபவன் அடிக்கடி பிரேக்கை மிதித்தாக வேண்டும். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அங்கு வரும் பழைய வண்டிகளில் மூன்று மிகவும் புகழ் வாய்ந்தவை. 1983-இல் வெளிவந்த டொயோட்டாவின் ஏ.இ. 86 முதலாவது. ஜப்பானிய மொழியில் எட்டும் ஆறும் சேர்ந்த 'ஹச்சி-ரோக்கு' என்பது அதன் செல்லப்பெயர். அடுத்து, 1989-இல் வந்த மாஸ்டா ரோட்ஸ்டர். இருவர் அமரக்கூடிய சிறிய திறந்த வண்டி அது. எடை ஏறத்தாழ 940 கிலோ. மூன்றாவது, அதே ஆண்டில் வந்த நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி-ஆர், இரட்டை டர்போவும் 280 குதிரைச் சக்தியும் உடையது. 1995-இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையில், தோஃபு விற்பவரின் மகன் ஹச்சி-ரோக்கு வண்டியை மலைப்பாதையில் ஓட்டி, பெரிய வண்டிகளையெல்லாம் தோற்கடிக்கிறான். அக்கதையைப் படித்து வளர்ந்த தலைமுறையினர் இவ்வண்டிகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். கதையில் மலைப்பாதை அழகாகவே இருக்கிறது. ஆனால் மெய்யான மலைப்பாதையில் எதிரே பால் வண்டியும் வரும், பள்ளிப் பிள்ளையும் வரும். வேகத்தைப் பொதுச் சாலையிலிருந்து விலக்கி, வேலியிட்ட தளத்துக்குள் கொண்டு சென்ற அளவில் இந்த ஓட்டக் கூட்டங்கள் நன்மையே செய்திருக்கின்றன என்பது நம் கருத்து.

இனி, செய்திக்கு வருவோம். பழைய வண்டி வாங்கிய இளைஞனின் கை முதலில் எங்கே செல்கிறது? பெரும்பாலும் எஞ்சினிடமே செல்கிறது. சைலன்சரை மாற்றுகிறான், காற்றுவடிகட்டியை மாற்றுகிறான், இன்னும் பத்துக் குதிரைச் சக்தி கிடைக்குமா என்று பார்க்கிறான். இந்த வரிசை தலைகீழானது. பழைய வண்டியைத் தளத்துக்கு ஆயத்தம் செய்வதென்றால், முதலில் அது நிற்குமாறு செய்வதே ஆகும்.

ஏன் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். வேகம் இரு மடங்கானால் வண்டியில் அடங்கிய இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஓட்டுபவனோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 144 கிலோமீட்டரில் வந்து, வளைவுக்கு முன் 72 கிலோமீட்டராகக் குறைகிறது என்று கொள்வோம். அப்போது கழிக்கவேண்டிய ஆற்றல், ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதன் பெரும்பகுதி மூன்று விநாடிக்குள் நான்கு பிரேக்குகளிலும் வெப்பமாக இறங்குகிறது. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. கடைவீதிக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் வண்டி தன் வாழ்நாளில் ஒரு நாளும் காணாத வெப்பம் அது.

அவ்வெப்பம் முதலில் சோதிப்பது பிரேக் ஆயிலை. இந்த ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பு உண்டு. 'டாட் 4' என்னும் தரத்து ஆயில் புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது விதி. அதில் 3.7 சதவிகிதம் நீர் கலந்துவிட்டால், அந்த வரம்பு 155 பாகையாகத் தாழ்ந்துவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் தோன்றும். நீர்மத்தை அழுத்தினால் அது சுருங்காது, ஆவி சுருங்கும். மிதித்த மிதி பிரேக்கைச் சென்று சேராமல் குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். பெடல் தரையைத் தொடும், வண்டியோ ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத ஆயிலோடு தளத்துக்குச் செல்வது இதனாலேயே பெருந்தவறாகிறது. பழைய ஆயிலை முற்றும் வடித்து, புதிய ஆயிலை நிரப்பி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்தல் முதற்கடமை. ஒரு சைலன்சரின் விலையில் இதனைப் பலமுறை செய்துகொள்ளலாம்.

ஆயிலோடு நின்றுவிடலாகாது. முப்பதாண்டுப் பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே உப்பியிருக்கக்கூடும். காலிப்பரின் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தால், ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றொன்று பிடிக்காது, வண்டி ஒருபுறம் இழுக்கும். சாலைக்கென்று செய்த பிரேக் பேட் மிகுந்த வெப்பத்தில் பிடிப்பை இழந்துவிடும். தளத்தின் வெப்பத்தைத் தாங்கும் பேட் வேண்டும்.

வண்டியைச் செய்தவர்களும் இதனை உணர்ந்திருக்கிறார்கள். டொயோட்டா நிறுவனத்தார் ஹச்சி-ரோக்கு வண்டிக்கு வழக்கொழிந்த உறுப்புகளை மீண்டும் செய்து தரப்போவதாக 2021-இல் அறிவித்தபோது, அப்பட்டியலில் பின்சக்கரப் பிரேக் காலிப்பரும் ஸ்டியரிங்குக்குரிய நக்கிள் ஆர்மும் இடம்பெற்றிருந்தன. நிற்பதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று. மாஸ்டா நிறுவனத்தார் 2017-இல் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்குப் புதுப்பிக்கும் பணியைத் தொடங்கியபொழுது, அதற்குரிய பழைய அளவிலேயே டயரையும் மீண்டும் வார்ப்பிக்கச் செய்தனர். இவற்றில் எதுவும் குதிரைச் சக்தியைக் கூட்டுவதற்கானதன்று.

டயரைப் பற்றிச் சொன்னோம். டயரின் பொத்தான்களைப் பார்த்துத் தேய்மானத்தை அளப்பவர் உண்டு. வயதைப் பார்ப்பவர் குறைவு. பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். கொட்டகையில் நின்ற வண்டியின் டயர் தேயாமலே கிழடாகிவிடும். ரப்பர் இறுகி, பிடிப்பை இழந்துவிடும். புதிய டயரைப் போட்ட பின்னும், ஓட்டத்தில் சூடேறுந்தோறும் காற்றழுத்தம் உயர்வதால், ஒவ்வொரு சுற்று ஓட்டம் முடிந்ததும் அளந்து சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது குளிர்விக்கும் அமைப்பு. ரோட்ஸ்டரின் ரேடியேட்டருக்கு மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. புதிதில் கறுப்பாக இருக்கும் அது, வெப்பம் பட்டுப்பட்டுப் பழுப்பேறும். பழுப்பேறிய தொட்டி விரிசல் விடுங்காலம் நெருங்கிவிட்டது என்று கொள்ளவேண்டும். ரேடியேட்டர் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பார்த்தால், ஊறிய அப்பளம்போல் மெத்தென்றிருப்பதும் காய்ந்த சுள்ளிபோல் விறைத்திருப்பதும் ஆகாது. கூலண்ட் தளத்தில் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவர். ஆதலால் இது தனக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் செய்யும் கடமையாகும். எஞ்சின் ஆயிலை மேல்கோடு வரை நிரப்பி வைத்தல் நன்று. நீண்ட வளைவில் ஆயில் ஒருபுறம் ஒதுங்கும்போது, அளவு குறைந்திருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும்; பேரிங்குகள் அழியும்.

பிறகு, வண்டியை ஜாக்கியில் ஏற்றித் தாங்கிகளின்மேல் நிறுத்தி, அடியில் பார்க்க வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பற்றி ஆட்டினால் ஆட்டம் தெரியலாகாது. தெரிந்தால் வீல் பேரிங்கோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது. ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தால், ஸ்டியரிங் ஒன்று சொல்ல வண்டி ஒன்று செய்யும். பனிப் பிரதேசங்களில் சாலைக்கு உப்பிடுவதால், அங்கே ஓடிய வண்டிகளின் அடிப்பாகம் துருவேறியிருக்கும். மேலே பளபளக்கும் வர்ணத்தைக் கண்டு மயங்குதல் கூடாது.

ஓட்டுபவனின் உடலுக்கும் ஆயத்தம் வேண்டும். தலைக்கவசம், கையுறை, முழுக்கை ஆடை ஆகியவை இன்றியமையாதவை. திறந்த வண்டி கவிழ்ந்தால் தலையைக் காப்பதற்கு ரோல் பார் என்னும் இரும்பு வளைவு வேண்டும். அது இல்லாமல், பந்தயக்காரர் அணியும் நான்கு முனைப் பட்டையை மட்டும் இறுகப் பூட்டிக்கொள்வது நன்மைக்கு மாறாகத் தீமையே செய்யும். வண்டி கவிழும்போது உடல் சாய்வதற்கு இடமில்லாமல் நிமிர்ந்தபடி அகப்பட்டுக்கொள்ளும். வண்டிக்குள் உருளக்கூடிய பொருள் எதுவும் இருத்தலாகாது. ஒரு தண்ணீர்ப் புட்டி உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் சென்றால், மேலே சொன்ன ஆயத்தம் அனைத்தும் வீண்.

தளத்தில் இறங்கிய பின்னர் வேண்டுவது பொறுமை. முதற்சுற்றில் டயரும் பிரேக்கும் சூடேற வேண்டும். இறுதிச் சுற்றை மெதுவாக ஓட்டி அவற்றை ஆறவிட வேண்டும். நிறுத்திய உடனே ஹேண்ட் பிரேக்கை இழுத்தலாகாது. கொதிக்கும் டிஸ்கின்மேல் பேட் அழுந்தியபடியே நிற்கும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்பதே முறை. சக்கரங்கள் ஆறியபின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபார்க்க வேண்டும். மஞ்சள் கொடி கண்டால் முந்தலாகாது. சிவப்புக் கொடி கண்டால் ஓட்டம் நின்றது என்று அறிந்து, மெதுவாகத் திரும்ப வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்னும் நம் பழமொழி சுக்குபாவிலும் செல்லும்.

செலவு பற்றியும் ஒரு சொல். சாதாரண மோட்டார் இன்ஷூரன்சு தளத்தில் நேரும் சேதத்தை ஏற்காதிருப்பதே பெரும்பாலும் வழக்கம். தடுப்புவேலியை இடித்தால், அதன் செலவையும் ஓட்டியவரே தரவேண்டியிருக்கும். எனவே, இழந்தால் தாங்கமுடியாத வண்டியைத் தளத்துக்குக் கொண்டு செல்லாதிருப்பதே விவேகம். கடன் வாங்கிய வண்டியைக் கொண்டு செல்வது விவேகத்துக்கு வெகுதூரம்.

இவையெல்லாம் ஜப்பானுக்கு மட்டும் உரியவை என்று எண்ணற்க. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதலும், கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003 முதலும் தளங்கள் இருக்கின்றன; டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் 2011-இல் ஒன்று திறக்கப்பெற்றது. வண்டி வேறாயினும் வெப்பம் ஒன்றே. பிரேக் ஆயில் கொதிக்கும் விதியும் ஒன்றே.

ஆகவே, அயல்நாட்டிலோ அயலூரிலோ இருக்கும் பிள்ளை இத்தகைய செய்தியைச் சொன்னால், பெற்றோர் "போகாதே" என்று சொல்ல வேண்டுவதில்லை. அச்சொல்லைக் கேட்ட பிள்ளை போகாமலிருப்பதைவிட, சொல்லாமற் போவதே மிகுதி. அப்பொழுது அவன் என்ன ஆயத்தம் செய்தான் என்பதும் நமக்குத் தெரியாமற் போய்விடும். அதற்குப் பதிலாக, "பிரேக் ஆயிலை எப்போது மாற்றினாய், அப்பா? டயரில் என்ன எண் போட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்பது தாயாக இருந்தால், பிள்ளை ஒரு கணம் திகைத்துத்தான் போவான். ஆனால் அன்று மாலையே டயருக்கு அருகே குனிந்து அந்த நான்கு இலக்கங்களைப் படிப்பான். படித்தபின் தளத்துக்குச் செல்வானா, புதிய டயர் வாங்கும்வரை ஒரு மாதம் பொறுப்பானா என்பதை அவனே முடிவு செய்யட்டும். விடை சரியாக வந்தால், அன்றிரவு தாயும் சற்றே உறங்கலாம்.