படகுப் பெட்டிக்கு கேஸ் போடுவது யார்?

அமெரிக்கப் படகுக்காரர்களுக்கு வந்த சங்கடம்

நடுக்கடல். சுட்டெரிக்கும் வெயில். பாய்மரப் படகில் ஒரு குடும்பம் போய்க்கொண்டு இருக்கிறது. திடீரென்று குளிர்பெட்டி குளிரவில்லை. மீன் கெடுகிறது, பால் திரிகிறது. நீரிழிவு நோயாளி வைத்திருக்கும் இன்சுலின் மருந்து வெப்பத்தில் வீரியம் இழக்கும்.

கேஸ் குறைந்துவிட்டது! கரை சேர இரண்டு நாள் ஆகும். அங்கும் மெக்கானிக் உடனே கிடைப்பார் என்பது நிச்சயம் இல்லை. படகுக்காரர் தாமே கேஸ் போட்டுக்கொண்டால் என்ன?

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அது நியாயமா?

ஓட்டைப் பானை

பெட்டிக்குள் ஓடும் குழாயில் திரவம் ஆவியாகிறது. அப்போது உள்ளே இருக்கும் சூட்டை அது இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. வெளிக்குழாயில் சூடு இறங்குகிறது. ஆவி மறுபடியும் திரவம் ஆகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது.

பெட்ரோலைப் போல் இந்த கேஸ் எரிந்து தீர்வது இல்லை. குறைந்தது என்றால், எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். உப்புக் காற்று குழாயை அரிக்கும். அலையின் ஆட்டத்தில் இணைப்பு தளரும். கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

வானத்துக்கு வந்த ஆபத்து

முதலில் குளிர்பெட்டிகளில் அம்மோனியா போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. 1930-ம் ஆண்டு வாக்கில் 'ஆர்-12' வந்தது. நஞ்சு இல்லை, தீப்பிடிக்காது. உலகமே அதைக் கொண்டாடியது.

1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். இந்த வகை வாயு, வெயிலின் கொடிய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்றார்கள். 1985-ல் தென்துருவத்தின் மேல் ஓசோன் மெலிந்து கிடந்தது தெரியவந்தது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் பிறந்தது. பணக்கார நாடுகள் 1996-லும், மற்ற நாடுகள் 2010-லும் அந்த வாயுக்களின் உற்பத்தியை நிறுத்தின.

பலன் கிடைத்தது. தென்துருவ ஓசோன் 2066 வாக்கில் பழைய நிலைக்கு வரும் என்று 2022-ம் ஆண்டு அறிக்கையில் விஞ்ஞானிகள் கணித்தார்கள்.

பதிலுக்கு வந்தது 'ஆர்-134ஏ'. இது ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்! ஒரு சின்னப் படகுப் பெட்டியில் இருந்து 100 கிராம் கசிந்தால், 143 கிலோ கரியமில வாயுவை விட்டது போல. அதனால் 2016-ல் கிகாலி நகரில் கூடிய நாடுகள், இதையும் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் இந்த வாயுவை வேண்டும் என்றே வெளியே விடுவது குற்றம். 2018 முதல், சான்றிதழ் உள்ளவர்களுக்கே ஆர்-134ஏ விற்கலாம். ஒரு விலக்கு உண்டு. தானே மூடிக்கொள்ளும் வால்வு உள்ள, 2 பவுண்டுக்கு மேற்படாத டப்பாவை யாரும் வாங்கலாம். ஆனால் அது கார்களுக்கு என்று விட்ட சலுகை!

"என் படகு, என் பெட்டி. நடுக்கடலில் மெக்கானிக்குக்கு எங்கே போவது?" என்பது படகுக்காரர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் கார் வேறு, படகுப் பெட்டி வேறு. காருக்கு அரை கிலோ பிடிக்கும். சின்னப் படகுப் பெட்டிக்குச் சில கிராம் கூடினாலே கெடுதல். சில கார் டப்பாக்களில் கசிவை அடைக்கும் பசையும் கலந்து இருக்கும். அது சிறு குழாயை அடைத்துவிடும். குழாயில் காற்றும் ஈரமும் புகுந்தால் கம்ப்ரஸருக்கே கேடு.

ஆளுக்கும் ஆபத்து உண்டு. திரவம் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். காற்றைவிடக் கனமான இந்த வாயு, மூடிய அறையில் தேங்கினால் மூச்சு திணறும்.

நடுவழி உண்டு

சட்டம் கதவை முழுவதும் அடைக்கவில்லை. சிறு குளிர்பெட்டிகளுக்கு என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை யாரும் எழுதலாம். புத்தகத்தைப் பார்த்தும் எழுதலாம்! ஒரு முறை தேறினால் சான்றிதழுக்குக் காலவரை கிடையாது. கடலில் நெடுநாள் போகிறவர் முன்கூட்டியே படித்துத் தேறிவிட்டால், சட்டத்துக்கும் பயம் இல்லை. பெட்டிக்கும் பயம் இல்லை.

"செய்யாதே" என்பதைவிட "கற்றுக்கொண்டு செய்" என்பதே நல்ல சட்டம்.

நம் வீட்டிலும்...

இந்தியாவும் 2021-ல் கிகாலி முடிவை ஏற்றது. 2047-க்குள் இந்த வகை வாயுக்களை 85 சதவீதம் குறைக்க வேண்டும். இப்போது பல வீட்டு பிரிட்ஜுகளில் 'ஆர்-600ஏ' இருக்கிறது. பூமிக்கு நல்லது, ஆனால் தீப்பற்றக்கூடியது. பிரிட்ஜில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துப் பாருங்கள். கேஸ் போட வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்:

"எந்த கேஸ் போடுகிறீர்கள்? கசிவை அடைத்தீர்களா?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், கொடுக்கும் பணமும் கேஸோடு காற்றில் போகும்!